ஒஸ்லோவுக்கு எடுபடாத பெண்

விமலாதேவிக்கு ஐம்பத்தைந்து வயது. டூங்கபி ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் வீடு. மேற்கு சிட்னியில் ஒரு கவுன்சிலில் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிங் உத்தியோகம் பார்க்கிறார். தெருத்தெருவாக நடந்து, நேரம் கடந்து நிற்கிற கார்களுக்குத் தண்டச்சீட்டு எழுதுகிற வேலை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு கார்க்காரராவது அவரைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னது கிடையாது. அவரும் ஒருவருக்கும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

நான் பக்கத்து வீடு. இருபது வருடப் பழக்கம். எதைப் பார்த்தாலும் அதில் ஓட்டையைக் காண்கிற கண் அவருக்கு. உத்தியோகத்தால் வந்ததா, கூடப் பிறந்ததா என்று தெரியாது. புளூ மவுண்டன்ஸில் மூன்று சகோதரிகள் என்று பெயர் வைத்திருக்கும் மலை முகட்டை உலகமே வந்து படம் பிடிக்கிறது. அவர் பார்த்துவிட்டு "மூண்டு கல்லு" என்றார். மகள் நிரூபா வேலை கிடைத்து மெல்பேர்ன் போனபோது ஒரு கிழமை போய் நின்று வந்தார். எப்படி மெல்பேர்ன் என்று கேட்டேன். "டிராம் ஓடுற பிளாக்டவுன்" என்றார். பிளாக்டவுன் எங்களுக்கு இரண்டு ஸ்ரேஷன் தள்ளி. அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படிப்பட்டவர் போன வருடம் ஒரு பிறந்தநாள் விழாவில், கட்லட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தான் ஆனி மாதம் ஒஸ்லோவுக்குப் போகப்போவதாகச் சொன்னார். தனியாக.

எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து நாளில் பன்னிரண்டு நாடு என்று பஸ்சில் அள்ளிக்கொண்டு போகிற சுற்றுலாவுக்கு, சூட்கேசுக்குள் ரைஸ் குக்கரோடு போகிறவர்கள். பாரிஸ் கோபுரத்துக்குக் கீழே புளிச்சோறு தின்றுவிட்டு வந்து ஆறு மாதம் அதையே கதைப்பார்கள். அவர்களுக்கு ஒரு பெண் தனியே போவது பிடிபடவில்லை.

"தனியவோ? சிறி அண்ணையோட ஏதும் பிரச்சினையோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பிரச்சினை எண்டா இஞ்சயே நிண்டு படலாமே. அதுக்கு ஏன் ஒஸ்லோ?" என்றார் விமலாதேவி.

நிரூபா தொலைபேசியில், "அம்மா, ஆர் யூ சீரியஸ்? வை நாட் லண்டன்?" என்று கேட்டாளாம். லண்டனில் பெரியம்மா இருக்கிறா, அதனால்தான் போகவில்லை என்று தாய் பதில் சொன்னார். அது உண்மையான காரணமில்லை என்று அப்போது எனக்கும் தெரியாது.

தெரிந்தவர் ஒருவர்தான். கணவர் சிறி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாதவர். விமலாதேவி குசினியில் வைத்துச் சொன்னபோது பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்.

"ஒஸ்லோவோ?"

"ஓம்."

"குளிர்ச்சட்டை கொண்டு போம்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். தொண்ணூற்றி ஓராம் ஆண்டு விமலாதேவிக்கு இருபத்திரண்டு வயது. கோண்டாவில் என்ற ஊர்ப் பிள்ளை. ஒஸ்லோவில் இருக்கும் வரதராஜா என்ற மாப்பிள்ளைக்குப் பேச்சு நடந்தது. சாதகம் பொருந்தியது, படம் போனது, தகப்பனார் அவரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தார். விசா வரும் வரை அங்கே இருப்பதாக ஏற்பாடு. ஏழு மாதம் இருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். யாரோ படியெடுத்துக் கொடுத்த ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்துக்கொண்டு விமலாதேவி நோர்வே மொழி படித்தார். நன்றிக்கு 'தக்'. ரொட்டிக்கு 'ப்ரோ'. எண்ணிக்கையில் நூறு வரை வந்துவிட்டார்.

எட்டாம் மாதம் கடிதம் வந்தது. மாப்பிள்ளை எழுதவில்லை, மாப்பிள்ளையின் அக்கா எழுதியிருந்தார். அதுவும் தகப்பனாருக்கு. சுகம் விசாரித்து, கோயில் திருவிழா விசாரித்து, கடைசியில் ஒரே வரி: "படத்தை வடிவாய்ப் பார்த்தோம், பிள்ளை ஒஸ்லோவுக்கு எடுபடாது போலக் கிடக்கு, குறை நினைக்க வேண்டாம்."

தகப்பனார் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "வெளிக்கிடு பிள்ளை, ஊருக்குப் போவம்" என்றார். சண்டை நடந்த அந்த நேரத்தில் ஊருக்குப் போவதென்றால் இரவோடிரவாக வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். கடந்தார்கள். இரண்டு வருடம் கழித்து சிட்னியிலிருந்து சிறியின் சம்பந்தம் வந்தது. சிறி படம் கேட்கவில்லை. கேட்காத காரணத்துக்காகவே விமலாதேவி ஓமென்று சொன்னார்.

ஆனால் அந்த வரி போகவில்லை. முப்பத்து மூன்று வருடம் அது உள்ளே கிடந்தது. எடுபடாது என்றால் என்ன? நிறமா? நடையா? இங்கிலீஷா? அப்படி என்ன பெரிய ஊர் அது, ஒரு பெண்ணைப் படத்தில் பார்த்தே தள்ளுவதற்கு? போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். ஆளைப் பார்க்க இல்லை. ஊரைப் பார்க்க. இதைச் சொன்னபோது என்னிடம் மிகக் கண்டிப்பாகச் சொன்னார்: "அவனைத் தேடி நான் போகேல்லை. அப்பிடி நீர் நினைச்சா இந்தக் கதையை இதோட விடுவம்."

தோஹாவில் விமானம் மாறி, இருபத்தாறு மணி நேரம் கழித்து ஒஸ்லோவில் இறங்கினார். விமான நிலையத்திலிருந்து ரயிலில் நகரத்துக்கு வந்து, பெரிய ஸ்ரேஷனுக்கு வெளியே கால் வைத்ததும் முன்னால் ஒரு வெண்கலப் புலி நின்றது. வாய் திறந்து, வால் நீட்டி, நிஜப் புலியைவிடப் பெரியது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதன் காலுக்குள் புகுந்து விளையாடினார்கள். ஏன் இந்தப் புலி என்று விமலாதேவிக்கு விளங்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. ஒரு படம் எடுத்து சிறிக்கு அனுப்பினார். "சோக்காய்க் கிடக்கு" என்று பதில் வந்தது.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம், முப்பத்து மூன்று வருடம் பாதுகாத்து வைத்திருந்த வார்த்தையை எடுத்தார்.

"தக்."

"யூ ஆர் வெல்கம், மேம்" என்றாள் அவள்.

அடுத்த மூன்று நாளிலும் அதே கதைதான். கடைக்காரன், பஸ் சாரதி, தெருவில் வழி சொன்ன கிழவர், எல்லோரும் நல்ல இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். வெள்ளவத்தை லொட்ஜில் வியர்க்க வியர்க்கப் படித்த நூறு எண்களும் இந்த ஊரில் ஒரு நாய்க்கும் தேவையில்லை என்று விமலாதேவி கண்டுகொண்டார்.

பிறகு ஊர் பார்க்கத் தொடங்கினார். பார்க்கிங் உத்தியோகம் பார்த்த கால்கள், ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் சளைக்காமல் நடக்கும்.

பெரிய தெருவின் தலைப்பில் அரச மாளிகை. சப்பையாக, மஞ்சள் நிறத்தில், முன்னால் சரளைக்கல் பரவியிருந்தது. வேலி இல்லை. தொப்பியில் குஞ்சம் தொங்கும் சிப்பாய் ஒருவன் அந்தக் கல்லில் அங்குமிங்கும் நடந்தான். "எங்கட டூங்கபியில ஒரு கொன்ராக்ரர் கட்டி வைச்சிருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பெரிய தூண்" என்று என்னிடம் சொன்னார். பாராளுமன்றத்தைப் பார்த்தார். வட்டமாக, செங்கல்லில், பழைய கிளப் கட்டடம் போல இருந்ததாம். எதிர்ப்பக்கம் ஏற்றி இறக்கும் இடத்தில் ஒரு வான் இருபது நிமிடமாக நின்றது. ஒருவரும் வந்து சீட்டு எழுதவில்லை. பாராளுமன்றத்தைவிட அந்த வானைத்தான் அவர் கூட நேரம் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சிலைப் பூங்காவுக்கும் போனார். இருநூறுக்கு மேற்பட்ட சிலைகள், ஒன்றிலும் ஒரு நூல் துணி இல்லை. கிழவர், கிழவி, குமர், குழந்தை எல்லாம் பிறந்த மேனிக்கு நின்றார்கள். நடுவில் ஒரு தூண், அடியிலிருந்து நுனி வரை மனித உடம்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. ஒரு ஜப்பானியப் பெண் அதைப் பார்த்து அழுதாளாம். விமலாதேவிக்குக் காலை நேரத்து ரெட்ஃபர்ன் ரயில் ஞாபகம் வந்தது. கோபத்தில் காலை உதைத்துக்கொண்டு நிற்கும் ஒரு சின்னப் பையனின் சிலைக்கு முன்னால் நூறு பேர் வரிசையில் நின்று, அவன் கையைத் தொட்டுப் படம் எடுத்தார்கள். "சொந்தப் பிள்ளை இப்பிடி நிண்டா ரெண்டு அடி போடுவாங்கள், வெண்கலத்தில நிண்டா கைகுடுக்கிறாங்கள்."

சாப்பாடு அதைவிட மோசம். காலைச் சாப்பாட்டு மேசையில் மண்ணிறத்தில் ஒரு கட்டி இருந்தது. ரொபி இனிப்பு என்று நினைத்துப் பெரிய துண்டாக வெட்டி வாயில் போட்டார். ஆட்டுப்பால் சீஸ். இனிப்பும் உப்புமாகத் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

நகர மண்டபத்துக்கும் போனார். சமாதானப் பரிசு கொடுக்கிற இடம். மண்ணிறச் செங்கல்லில் இரண்டு கோபுரம். உள்ளே இலவசம். சுவரெல்லாம் ஓவியம். ஒரு வழிகாட்டிப் பெண், இருபது வயதிருக்கும், தங்கள் நாடு உலகமெங்கும் சண்டை தீர்க்கப் போன கதையை விளக்கிக்கொண்டிருந்தாள். விமலாதேவி கை உயர்த்தினார். எங்கள் நாட்டுக்கும் சமாதானம் பேச வந்தீர்களே, அங்கே என்ன நடந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். எந்த நாடு என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னார். அவள் முகம் சிவந்து, தனக்கு அதைப் பற்றிப் போதிய அறிவில்லை, மன்னிக்க வேண்டும் என்றாள். அவள் பிறந்ததே அதற்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் விமலாதேவி எனக்குப் பகிடியாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

மூன்று நாளில் தீர்ப்பு முடிந்துவிட்டது. இந்த ஊர்தான் தனக்கு எடுபடவில்லை. பிளாக்டவுனை நாலு நாள் கழுவித் துடைத்து, ஆட்களை அரைவாசியாகக் குறைத்து, விலையை மூன்று மடங்காக்கினால் ஒஸ்லோ. மனம் லேசாகிவிட்டது என்றார். அதோடு திரும்பியிருந்தால் கதை நல்லபடி முடிந்திருக்கும்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. ரொட்டியும் சீஸும் தின்று வயிறு செத்துப்போயிருந்தது. ஒரு பிடி சோற்றுக்காகத்தான் கோயிலைத் தேடினார் என்பதை நான் நம்புகிறேன். மெட்ரோவில் கால் மணி நேரம், பிறகு ஒரு ஏற்றம். பூசை முடிந்து நிலக்கீழ் மண்டபத்தில் சோறு போட்டார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, அப்பளம். பக்கத்துக் கதிரையில் எழுபது தாண்டிய ஒரு பெண்மணி, காதில் வெள்ளைக்கல் தோடு. எங்கள் ஆட்கள் உலகத்தின் எந்த மூலையில் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் முதல் கவளத்துக்கு முன் நடக்கிற விசாரணை நடந்தது.

"புது முகமாக் கிடக்கு. எங்க இருக்கிறீர் பிள்ளை?"

"சிட்னி."

"அடி ஆத்தை! தனியவோ வந்தனீர்? நான் கல்யாணி. இஞ்ச நாப்பது வருசம். இந்தக் கோயில் தொடங்கேக்க இருந்து நிக்கிறன். வெளியில மஞ்சள் சட்டை போட்டுக் கார் விடுறவனைக் கண்டீரோ? என்ர தம்பிதான், வரதராஜா."

விமலாதேவி கவளத்தை விழுங்கினார். கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்து, கல்யாணி பரமநாதன், எழுத்துக்கு எழுத்து மனதில் இருந்தது.

கோயில் வாசலில் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவரைக் கண்டிருந்தார். மெலிந்த, முதுகு வளைந்த மனிதர். நாலு கார் நிற்கக்கூடிய இடத்தில் மூன்று காரை விட்டு வைத்திருந்ததைப் பார்த்து, வரும்போதே மனதுக்குள் ஏசிக்கொண்டுதான் உள்ளே போயிருந்தார்.

"தம்பிக்குக் குடும்பம்?" என்று கேட்டார். குரல் சாதாரணமாக இருந்தது என்கிறார். நான் நம்பவில்லை.

"அவன் கட்டேல்லைப் பிள்ளை. பேசாமலே? நாலு இடம் பேசினது. எல்லாத்தையும் நான்தான் எழுதி நிப்பாட்டினனான்."

"ஏன்?"

கல்யாணி அப்பளத்தை நொறுக்கினார். "உமக்கு என்ன, தெரியாத ஆள், சொல்லுறன். அவன் அந்த நேரம் ஒஸ்லோவில இல்லை. வடக்கில, பனிக் கடற்கரையில ஒரு கிராமம். மீன் பக்டரி. ஆறு பேர் ஒரு அறை. மீன் வெட்டுறான் எண்டு ஊருக்குச் சொல்லேலுமே? அம்மா ஒஸ்லோ, ஒஸ்லோ எண்டு சொல்லித்தான் சம்பந்தம் பேசினவ. பேச்சு நடந்தா ஊரில ஒரு மதிப்புத்தானே. ஆனா பிள்ளை வெளிக்கிடுற நேரம் வந்தா எனக்கு நெஞ்சு பதறும். வந்து கண்டா என்ன சொல்லுறது? பிறகென்ன, ஒஸ்லோவுக்கு எடுபடாது எண்டு ஒரு வரி. நாலு பேருக்கும் அதே வரிதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?"

விமலாதேவி விடச் சொன்னார். முப்பத்து மூன்று வருடமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தேடிய குறை, படத்திலும் இல்லை, நிறத்திலும் இல்லை. நாலு வீட்டுக்கு ஒரே அச்சில் வார்த்த வரி. பார்க்கிங் சீட்டில்கூட அவர் ஒவ்வொரு காருக்கும் குற்றத்தைத் தனியாக எழுதுவார்.

சாப்பாடு முடிந்து வெளியே வந்தபோது கல்யாணி தம்பியைக் கூப்பிட்டார். "டேய் வரதன், சிட்னித் தங்கச்சி தனிய வந்திருக்கிறா. நாளைக்குச் சும்மாதானே நிக்கிறாய், ஊரைக் காட்டிக் குடு." அறுபத்திரண்டு வயது மனிதர், "ஓம் அக்கா" என்றார். பிறகு விமலாதேவியிடம் திரும்பி, "எத்தினை மணிக்குத் தங்கச்சி?" என்று கேட்டார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இன்னும் கொஞ்சம் கேவலப்படுத்திப் பாப்பம் எண்டு நினைச்சன். ஊரை இல்லை" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வரதராஜா ஸ்ரேஷன் வாசலில், ஒரு பழுப்புக் கோட்டும் தோய்த்து மடித்த கைலேஞ்சியுமாக நின்றார். விரல்கள் மடங்கிய நிலையிலேயே இருந்தன. இருபத்தெட்டு வருடம் ஐஸ் மீனில் கத்தி பிடித்த விரல்கள், இப்போது விரிவதில்லை. சேர்ட் பொத்தான் போடக் கால் மணி நேரம் பிடிக்கும் என்று அவராகவே சொன்னார்.

"எங்க முதல்ல காட்டுவியள்?" என்றார் விமலாதேவி.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "உண்மையைச் சொன்னா, நான் இஞ்ச வந்து எட்டு வருசம்தான். அக்கா வீடு, கோயில், டொக்டர். இந்தப் பக்கம் ஒண்டும் பாக்கேல்லை."

ஒஸ்லோ மாப்பிள்ளைக்கு ஒஸ்லோ தெரியாது. விமலாதேவி முன்னால் நடந்தார், அவர் பின்னால் வந்தார். மாளிகையைக் காட்டி "சரளைக்கல்லு" என்றார். பாராளுமன்றத்தைக் காட்டி "கிளப்" என்றார். வரதராஜா ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து, "என்ன வடிவு" என்றார். அந்த "என்ன வடிவு" விமலாதேவிக்குத் தாங்க முடியாத எரிச்சலைக் கொடுத்தது. ஆட்டுப்பால் சீஸுக்கும் அதையே சொல்லுவார் போலிருந்தது.

கடைசியாக ஒபேரா மண்டபம். தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி வருவது போல வெள்ளைச் சலவைக்கல் கூரை சரிவாக மேலே போகிறது. யாரும் ஏறலாம். "எங்கட ஒபேரா ஹவுசில ஏறினாப் பொலிஸ் வரும். இஞ்ச ஏறுறதுதான் வேலை" என்று சொல்லிக்கொண்டு விமலாதேவி விறுவிறென்று ஏறினார். காலையில் மழை தூறியிருந்தது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். வரதராஜா கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய சப்பாத்து வழுக்கியது. விமலாதேவி இறங்கி அருகே வந்தார். நின்றபடியே சொன்னார்.

"தொண்ணூற்றி ஒண்டில உங்களுக்குப் பேசின பிள்ளை நான்."

வரதராஜா நிமிர்ந்து பார்த்தார். யோசித்தார். முகத்தில் வஞ்சகம் ஒன்றும் இல்லை.

"மானிப்பாயோ, நெல்லியடியோ?"

விமலாதேவிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று கேட்டேன். "ரெண்டும் இல்லை. அறையலாம் போல இருந்தது" என்றார்.

"கோண்டாவில்."

"ஓ... கோண்டாவில்." அவர் தலையை ஆட்டினார். ஞாபகம் இல்லை என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது. "படம் ஒண்டும் என்னட்ட வாறேல்லைத் தங்கச்சி. எல்லாம் அக்காட்டத்தான். அங்க குளிர் காலத்தில தபால் வாறதே பெரிய பாடு."

"படத்தை வடிவாய்ப் பார்த்தோம் எண்டு எழுதியிருந்தது."

"அக்கா பாத்திருப்பா."

"உங்களுக்குக் கேக்கத் தோன்றேல்லையோ? ஒரு பிள்ளை ஏழு மாசம் லொட்ஜில கிடக்கிறாள் எண்டு?"

"அக்கா சொன்னா, நான் சரி எண்டுவன்." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "நீங்கள் வந்திருந்தாலும் அங்க இருந்திருக்க மாட்டியள். ரெண்டு மாசம் சூரியன் வராது. உடம்பெல்லாம் மீன் மணம், என்ன சோப் போட்டாலும் போகாது."

"ஒரு கிழமைகூட இருந்திருக்க மாட்டன்" என்றார் விமலாதேவி. "ஆனா அதை நான் பாத்துச் சொல்லியிருக்க வேணும். உங்கட அக்கா இல்லை."

"ஓம்" என்றார் வரதராஜா. அதற்கும் சரி என்றார். அதுதான் விமலாதேவிக்கு எல்லாவற்றையும்விட வெறுப்பாக இருந்தது. மறுத்துப் பேசியிருந்தால் கொஞ்சமாவது மதித்திருப்பாராம். ஒரு வில்லனை எதிர்பார்த்து இத்தனை வருடம் இருந்தவருக்கு, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஒரு மனிதர்தான் கிடைத்தார்.

எழும்ப முயன்ற அவருக்கு மறுபடியும் வழுக்கியது. பக்கத்தால் போன வெள்ளைக்காரர்கள் பார்த்தார்கள். விமலாதேவி மடித்து வைத்திருந்த குடையை நீட்டினார். அவர் மடங்கிய விரல்களால் அதன் பிடியைக் கொளுவிக்கொண்டு, பக்கம் பக்கமாகக் கால் வைத்துக் கீழே இறங்கினார். "கையைப் பிடிச்சு இறக்கேல்லை, குடையைப் பிடிச்சுத்தான் இறக்கினனான். எழுதிறதெண்டா அதைச் சரியாய் எழுதும்" என்று எனக்கு உத்தரவு.

கீழே வந்ததும் டிராம் நிறுத்தம் வரை கூட்டிக்கொண்டு போய், எந்த இலக்கம் என்று பார்த்து ஏற்றிவிட்டார். ஏறும்போது வரதராஜா, "எல்லாம் காட்டினதுக்கு நன்றி தங்கச்சி" என்றார்.

கடைசி நாள் தனியாக வள்ளத்தில் நகரத்துக்கு எதிரே உள்ள ஒரு தீபகற்பத்துக்குப் போனார். பழைய மரக்கப்பல்கள் வைத்திருக்கும் மியூசியம் திருத்த வேலைக்காகப் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் இன்னொரு மியூசியம், துருவத்துக்குப் போன ஒரு கப்பலை முழுசாக உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். வேண்டுமென்றே பனிக்குள் போய் மாட்டி நிற்பதற்காகக் கட்டிய கப்பல் என்று பலகையில் எழுதியிருந்தது. "மூண்டு வருசம் மாட்டுப்பட்டு நிண்டதாம். அதுக்கு ஒரு மியூசியம்" என்று என்னிடம் சொன்னார். ஆனால் அந்தக் கப்பலுக்குள்தான் இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார். ஒவ்வொரு சின்ன அறையாக எட்டிப் பார்த்து, மாலுமிகளின் கட்டில்களை அளந்திருக்கிறார். பியானோ ஒன்று இருந்ததையும் சொன்னார். அதில் மட்டும் குறை கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது போல.

சிட்னியில் இறங்கியபோது மழை. சிறி வந்திருந்தார். என்னுடைய காரில்தான் போனோம், நான்தான் ஓட்டினேன். வழி முழுக்க விமலாதேவி பின்சீட்டில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். நாலு பேருக்கும் அதே வரி என்ற இடத்தில் குரல் உடைந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். சிறி முன்சீட்டில் இருந்து திரும்பாமல் கேட்டார்:

"மற்ற மூண்டு பிள்ளையளும் இப்ப எங்கயாம்?"

விமலாதேவி அதைக் கேட்டு வரவில்லை. கேட்கத் தோன்றவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் அவர் வீட்டில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. கோயிலில் வைத்து விமலாதேவியிடம் வாங்கிய நம்பருக்குக் கல்யாணி எடுத்திருந்தார். விமலாதேவி ஸ்பீக்கரில் போட்டார்.

"பிள்ளை, சுகமோ? ஒரு விசயம். என்ர மகன் அருந்தவனுக்கு முப்பத்தெட்டு முடிஞ்சுது. உம்மட பக்கத்தில நல்ல குடும்பத்துப் பிள்ளை ஏதும் இருக்கோ? படம் அனுப்பினீரெண்டா பாப்பன்."

விமலாதேவி தான் யார் என்று சொன்னார். கோண்டாவில், தகப்பனார் பெயர், லொட்ஜ், ஏழு மாதம், கடிதத்தின் அந்த வரி, எல்லாம் வரிசையாக, குரலை உயர்த்தாமல், காருக்குச் சீட்டு எழுதும்போது இலக்கமும் நேரமும் குறிக்கிற மாதிரி.

மறுமுனையில் மூச்சுக் கேட்டது. மன்னிப்பு வரும் என்று நான் நினைத்தேன். முன்னால் இருந்த சிறியும் நினைத்திருக்க வேண்டும், தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார்.

"அட, நீரே அது?" என்றார் கல்யாணி. "பாத்தீரோ, நல்லதாப் போச்சு. அப்ப நாங்கள் சொந்தம் மாதிரித்தானே. பழசை விடும். பிள்ளை இருக்கோ, இல்லையோ?"

விமலாதேவி தொலைபேசியை மேசையில் வைத்தார். அணைக்கவில்லை. கல்யாணி, மகனுடைய வேலையைப் பற்றியும் வீட்டில் எத்தனை அறை என்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தார். விமலாதேவி எழுந்து போய், கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து வந்து, எங்களுக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்.